ஒரு 'ச்' எங்கே போனது? நகைச்சுவைப் பாப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

போட்டிக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நகைச்சுவைப் பாப் போட்டியின் அறிவிப்பு என் கைக்கு வந்து இன்றோடு பதினொரு நாள். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இதுவரை இரண்டு பாட்டு எழுதி முடித்திருக்கிறேன், இன்னொன்று பாதியில் நிற்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு போட்டிக்கு எழுதியது போல இருக்கிறது. தப்பு முழுவதும் என் பேரில் இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் கொடுத்த தலைப்பு: "வரியிலா சிரிப்பு". அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தின் படம்.

முதல் தடவை படித்தபோது எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வரி இல்லாத சிரிப்பு. சரி, உலகத்தில் இன்னும் வரி போடாத பொருள் சிரிப்பு ஒன்றுதான், அதைப் பாடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வரி அதிகாரி ஒருவர் சிரிப்புக்குக் கணக்குக் கேட்டு வருகிறார் என்று ஆரம்பித்து இரண்டு அடி ஓட்டியும் விட்டேன். அப்புறம்தான் அறிவிப்பைத் தங்கையிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "ஏன் அண்ணா, வரியில இல்லாம சிரிப்பு வேற எங்க இருக்கும்? இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள்.

அவள் படித்ததும் சரிதான். "வரியிலா? சிரிப்பு வரியிலா இருக்கிறது?" என்று அதை ஒரு கேள்வியாகப் படித்திருக்கிறாள். சிரிப்பு பாட்டின் வரியில் இருக்கிறதா, இல்லை பாடப்படும் விஷயத்தில் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொண்டாள். நான் படித்ததோ "வரி இல்லாத". எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒருவருக்கு இருப்பதாகவும் இன்னொருவருக்கு இல்லாததாகவும் படுகிறது. பக்கத்தில் இருந்த அவளுடைய ஏழு வயதுப் பையன் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னான்: "வரியே இல்லாத வரிக்குதிரை கழுதைதானே மாமா? அதப் பாத்துதான் சிரிக்கணுமா?"

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகத்தான் சொல்வேன். "இல்லாத" என்பதன் கடைசி எழுத்து கெட்டு "இலா" என்றோ "இல்லா" என்றோ நின்றால், அடுத்து வரும் வல்லினம் மிகும். ஓடாக் குதிரை, அழியாப் புகழ் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்தக் கணக்கில் உங்கள் தலைப்பு "வரியிலாச் சிரிப்பு" என்று இருந்திருக்க வேண்டும். வினா எழுத்தான ஆ வந்து முடிந்தால் வல்லினம் மிகாது. அவனா போனான், வீட்டிலா கிடைத்தது. அந்தக் கணக்கில் தலைப்பு சரி, ஆனால் முடிவில் ஒரு கேள்விக்குறி வேண்டும். ஆக, ஒன்று உங்கள் அறிவிப்பில் ஒரு 'ச்' காணாமல் போயிருக்கிறது, அல்லது ஒரு கேள்விக்குறி காணாமல் போயிருக்கிறது. எது காணாமல் போனது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி "வரி" என்ற சொல்லில் இருக்கிறது. பாட்டின் வரி. கட்டும் வரி. புலியின் வரி. முகத்தில் விழும் வரி. சிலப்பதிகாரத்தில் கானல்வரி, வேட்டுவ வரி என்று வருகிறதே, அங்கே வரி என்றால் ஒருவகை இசைப்பாட்டு. இதில் எந்த வரி? அறிவிப்பில் தலைப்புக்கு நீங்கள் "கருப்பொருள்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பழைய அகத்திணை இலக்கணத்தில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று ஒரு பட்டியல். அந்த வழியில் யாராவது வரிக்கு ஒரு பறவையும் பறையும் தேடிக்கொண்டு கிளம்பியிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சந்தேகம் கேட்டு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அந்தச் சுறுசுறுப்புக்கு நன்றி. பதில் இதுதான்: "கருப்பொருள் அறிவிப்பில் உள்ளபடியே. அதை விரிந்த பொருளில் கொள்ளலாம். கருப்பொருளை விட்டு விலகும் பாக்கள் ஏற்கப்படா." இதை நான் மூன்று முறை படித்தேன். விரிக்கவும் வேண்டும், விலகவும் கூடாது. எவ்வளவு தூரம் விரித்தால் விலகல் ஆகும் என்பதை நடுவர்தான் அறிவார். வரிக்குதிரை விரிவா, விலகலா?

விதிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. "மரபுக் கவிதை, புதுக்கவிதை இரண்டும் அனுப்பலாம்" என்கிறது ஒரு விதி. அடுத்த விதி, "தளை தட்டும் பாக்கள் நீக்கப்படும்" என்கிறது. தளை என்பது மரபுப் பாட்டில் ஒரு சீரை, அதாவது அடியின் ஒரு துண்டை, அடுத்த சீரோடு பிணைக்கும் ஓசைக் கட்டு. அது பிசகினால் தளை தட்டியது என்பார்கள். தளையே பூட்டாதவனுக்குத் தளை தட்டாது. சிரமப்பட்டு வெண்பா கட்டி ஒரே ஓர் இடத்தில் சறுக்கியவன் வெளியே போவான், ஒன்றும் கட்டாமல் அனுப்பியவன் உள்ளே இருப்பான். இதை யாரும் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள், அது தெரியும். இரண்டு பேர் ஆளுக்கொரு விதி எழுதி ஒட்டியது போல இருக்கிறது.

அப்புறம் "நான்கு வரிகளுக்கு மிகாமல்" என்ற விதி. பாட்டில் வரி என்று எதைச் சொல்கிறீர்கள்? அடியையா? எண்சீர் விருத்தத்துக்கு நான்கே அடிதான். ஆனால் ஓர் அடிக்கு எட்டுச் சீர் என்பதால் அச்சில் அதை மடக்கி இரண்டு வரியாகத்தான் போடுவார்கள். பார்வைக்கு எட்டு வரி. அது உள்ளேயா, வெளியேயா? தலைப்பில் இருக்கும் வரியே எதுவென்று தெரியாத நிலையில் விதியிலும் அதே சொல்லைப் போட்டது கொஞ்சம் கொடுமை. இந்தப் போட்டியில் "வரி இல்லாத பா" என்று யாராவது ஒரு வெற்றுத் தாளை அனுப்பினால் எந்த விதியை வைத்து நிராகரிப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான்கு வரிக்கு மிகவும் இல்லை, தளையும் தட்டவில்லை.

நான் இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம் இருக்கிறது. போன தடவை "மௌனம்" என்ற தலைப்பு கொடுத்திருந்தீர்கள். பரிசு வாங்கிய பாட்டு தவளையைப் பற்றியது. நல்ல பாட்டு, நானே சிரித்தேன். ஆனால் மௌனம் என்றதும் அமைதியைப் பற்றி எழுதி அனுப்பிய நாங்கள் எல்லாம் அதற்கப்புறம் சில நாள் ஒருவருக்கொருவர் மௌனமாக இருந்தோம்.

நகைச்சுவைப் பாவுக்கு விசித்திரமான தலைப்பு கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு நல்லது. காளமேகப் புலவரை நினைத்துப் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டுக்காரர், சிலேடையில் அவரை மிஞ்ச ஆளில்லை. செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடியும்படி முருகனைப் பாடு என்று ஒருத்தர் அவரிடம் கேட்டதாகக் கதை. இதைவிட ஏடாகூடமான தலைப்பு கிடைக்குமா? அவர் "செருப்புக்கு வீரரை" என்று எடுத்தார். செரு என்றால் போர், புக்கு என்றால் புகுந்து. செருப்பு அந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது. கடைசியில் ஒரு வண்டைக் கூப்பிட்டு வழி கேட்கிற மாதிரி "வண்டே விளக்குமாறே" என்று முடித்தார். விளக்குமாறும் போய்விட்டது.

கேட்டவருடைய கேள்வி எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கச் சொல்கிறேன். முதல் சொல் இது, கடைசிச் சொல் இது, பாடப்படுபவர் இவர். கஷ்டம்தான், ஆனால் குழப்பம் துளியும் இல்லை. அதே புலவரை, ஈ ஏறினால் மலை குலுங்கியது என்று பாடச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. திருமாலை ஓர் இடைச்சி அடித்த புண்ணில் ஈ உட்கார்ந்தபோது மலையும் கடலும் உலகமும் ஆடிப்போயின என்று பாடினாராம். அங்கேயும் கேட்டது பைத்தியக்காரத்தனமான தலைப்புதான். ஆனால் "ஈ என்றால் பூச்சியா, கொடு என்ற பொருளா?" என்று புலவர் கடிதம் எழுதிக் கேட்க வேண்டி வரவில்லை. இரட்டுற மொழிவது பாடுகிறவன் வேலை ஐயா. போட்டி வைக்கிறவர்கள் அந்த வேலையையும் எடுத்துக்கொண்டால் நாங்கள் எதற்கு?

சரி, என் பாட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் பாட்டு முகத்து வரியைப் பற்றியது. ஆங்கிலத்தில் லிமரிக் என்று ஐந்து வரியில் ஒரு வேடிக்கைப் பாட்டு உண்டு. எட்வர்ட் லியர் 1846-இல் அதை ஒரு புத்தகமாகவே போட்டுப் பரப்பினார். தமிழில் அதைக் குறும்பா என்ற பெயரில் நம் ஓசைக்குப் பழக்கியவர் ஈழத்துக் கவிஞர் மகாகவி. 1966-இல் அவருடைய தொகுப்பு வந்தது. முதல் இரண்டு வரியும் ஐந்தாவதும் ஓர் இயைபு, அதாவது கடைசி ஒலி ஒத்து வரும், நடுவில் இரண்டு குட்டை வரிக்கு வேறோர் இயைபு. அந்த அச்சில் நான் வார்த்தது:

கண்ணாடி முன்வந்து நின்றாளே பாட்டி,
கன்னத்து வரியெண்ணிப் பார்த்தாள்விரல் நீட்டி;
எண்பதில் விழித்தாள்,
ஏனோபின் சிரித்தாள்,
இன்னுமொரு பத்துவரி எண்ணணுமே கூட்டி!

சிரித்தால் முகத்தில் வரி விழும், ஆகவே வரியில்லாத சிரிப்பு என்று ஒன்று கிடையாது என்பது இதன் கட்சி. தங்கைக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அந்தக் கடைசி வரி பிடித்திருந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள், ஐந்து வரி. குறும்பா என்றாலே ஐந்துதான், நான்கில் அது நிற்காது. உங்கள் விதியைப் படித்த பிறகு ஒரு வரியை வெட்டலாமா என்று பார்த்தேன். மூன்றாவதை எடுத்தால் நான்காவது தனியாக நின்று யாருடன் இயைவது என்று தெரியாமல் விழிக்கிறது. நான்கையும் மூன்றையும் சேர்த்து ஒரே வரியாக எழுதினால் எண்ணிக்கை சரியாகும், ஆனால் அது கணக்குப் பிள்ளை செய்கிற வேலை. அதனால் அதை அப்படியே வைத்துவிட்டேன்.

இரண்டாவதுதான் பாதியில் நிற்பது. தங்கை படித்த கேள்விக்கான பதில்: சிரிப்பு வரியிலா? உண்மையைச் சொன்னால் உங்கள் தலைப்பில் எனக்கு ரொம்பவும் பிடித்த வாசிப்பு இதுதான். நீங்கள் தெரிந்தே கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஏனென்றால் நகைச்சுவைப் பா எழுதுகிற எல்லாருக்கும் ராத்திரி தூக்கம் கெடுக்கிற கேள்வி அது.

காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்துப் பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போய் அடையும். எள்ளும் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குப் போகும். "பிண்ணாக்கும் உண்டாம்" என்கிறார். எள்ளுக்கு அது நாம் அறிந்த பிண்ணாக்கு. பாம்புக்கு அது பிளவுபட்ட நாக்கு, பிள் நாக்கு. இப்போது நான் சொன்னதைப் படித்து நீங்கள் சிரித்தீர்களா? சிரித்திருக்க மாட்டீர்கள். ஓ, அப்படியா என்றிருப்பீர்கள். பாட்டாகக் கேட்டால், அந்தப் பிண்ணாக்கு எதுகை மோனையோடு உருண்டு வந்து சரியான இடத்தில் விழும்போது, தானாக வாய் விரியும். விஷயம் மாறவே இல்லை. பாம்பும் எள்ளும் அதேதான். அப்படியென்றால் சிரிப்பு வரியில்தான் இருக்கிறது.

ஆனால் தொல்காப்பியத்தைத் திறந்தால் அது வேறு மாதிரிச் சொல்கிறது. எட்டு மெய்ப்பாட்டில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகையைத்தான் முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடம் நான்கு என்று கணக்கும் கொடுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் ஓசை எங்கே, யாப்பு எங்கே? எல்லாம் மனிதர்களிடம் இருக்கிற குணம். ஒருவன் இன்னொருவனை இகழ்கிறான், ஒரு குழந்தை மழலையில் ஏதோ சொல்கிறது, ஒருவன் அறியாமல் ஏதோ செய்கிறான், சிரிப்பு வருகிறது. அப்படிப் பார்த்தால் சிரிப்பு வரியில் இல்லை, வெளியே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பையன் சொன்ன வரிக்குதிரை இதற்குச் சாட்சி. அதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம் சிரித்தோம்.

இதை நான்கு அடியில் அடைக்கத்தான் ஆறு நாளாகப் பார்க்கிறேன். அடைபடவில்லை. கட்டுரையாக வந்துகொண்டே இருக்கிறது, சிரிப்பைக் காணோம். (போகிற போக்கில் ஒன்று: அடுத்த முறை அந்த நான்கில் ஒன்றையே தலைப்பாகக் கொடுக்கலாம். "பேதைமை" என்று கொடுங்கள், எங்கள் எல்லாரிடமும் கைவசம் சரக்கு இருக்கிறது.)

மூன்றாவது பாட்டைத்தான் அனுப்பலாம் என்று இப்போதைக்கு நினைத்திருக்கிறேன். நீங்கள் எந்த வரி என்று சொல்ல மறுத்ததால் இரண்டு வரியையும் ஒரே வெண்பாவில் போட்டுவிட்டேன். கட்டும் வரிக்கும் பாட்டின் அடிக்கும் சிலேடை:

சீர்பிரிக்கும் தப்பினால் சிக்கென் றடிகொடுக்கும்
பார்க்கும் கணக்கில் தளைபூட்டும் - யார்க்குமே
கேட்ட படிகட்டக் கண்பிதுங்க வைப்பதால்
நாட்டு வரிபாட் டடி.

சீர் என்றால் செல்வம், அதை நாட்டு வரி பிரித்துக்கொண்டு போகும். பாட்டின் அடியையும் சீர் சீராகத்தான் பிரிப்போம். தளை அங்கே விலங்கு, இங்கே யாப்பு. கட்டுவது இரண்டுக்கும் பொது. "அடிகொடுக்கும்" என்ற இடத்தில் பாட்டுக்கான பொருள் கொஞ்சம் நொண்டுகிறது, அது எனக்கே தெரியும், நடுவர்கள் கண்டுபிடித்ததாக எழுத வேண்டாம். தளை சரியாக இருக்கிறது, தங்கையும் நானும் தனித்தனியாகச் சரிபார்த்தோம். "அடி" என்று, வெண்பா முடிய வேண்டிய வாய்பாடுகளில் ஒன்றான மலரில் முடிகிறது. நான்கு அடி, நான்கு வரி, நீங்கள் எப்படி எண்ணினாலும் நான்கு.

ஒரே குறை, இதில் சிரிப்பு என்ற சொல்லும் இல்லை, "இல்லாத" என்பதும் இல்லை. இது விரிவா, விலகலா என்று உங்களிடம் மறுபடி கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிய திருத்தம் ஒன்றும் இல்லை. அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டாம், தேதியைத் தள்ள வேண்டாம். ஒரு 'ச்' அல்லது ஒரு கேள்விக்குறி, இரண்டில் ஒன்றைப் போட்டு ஒரே ஒரு வாக்கியம் வெளியிடுங்கள். கூடவே, "வரி" என்று விதியில் சொன்னது அடியைத்தான் என்று ஒரு வார்த்தை. தளை தட்டும் விதி மரபுப் பாக்களுக்கு மட்டும் என்று இன்னொன்று. குழப்பம்தான் இந்தப் போட்டியின் நோக்கம், எத்தனை விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் அப்படி வைத்தோம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அதற்கும் ஒரு பாட்டு எழுதலாம். என்ன, நடுவர்கள் ஒவ்வொரு வாசிப்புக்கும் எப்படி மதிப்பெண் போடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். தவளைக்கு எத்தனை, அமைதிக்கு எத்தனை என்பது போல.

எட்டாவது நாள் வரை காத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் வெண்பாவை அனுப்பிவிடுவேன். உறைக்குள் ஒரு படமும் இருக்கும். தங்கை பையன் உங்கள் போட்டிக்கென்று வரியில்லாத வரிக்குதிரை ஒன்று வரைந்து வைத்திருக்கிறான். ஒருவருக்கு ஒரு படைப்பு என்ற விதியை அவனிடம் சொன்னேன். "நீங்க பாட்டு, நான் படம், நாம ரெண்டு பேருல்ல மாமா" என்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படத்தில் குதிரை பல் தெரியச் சிரிக்கிறது.

இப்படிக்கு,
போன தடவை அமைதியைப் பாடிய போட்டியாளர்